பொட்டு வைத்த புழு

புழுவின் முதுகில் நெயில் பாலிஷ் வைத்த பெண், பினாங்கு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இதை வெட்கத்தோடுதான் சொல்கிறேன். ஆனால் வெட்கம் கொஞ்சம்தான்.

பொழுது சாயும் நேரம். சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்வீடு. வாசலில் பெரிய கறிவேப்பிலைத் தொட்டி. அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இடது கையில் ஒரு கறிவேப்பிலைக் கொத்து, அதன்மேல் சுண்டுவிரல் பருமனில் ஒரு பச்சைப் புழு. வலது கையில், மகள் கல்யாணமாகிப் போனபோது விட்டுச்சென்ற சிவப்பு நெயில் பாலிஷ். மூச்சைப் பிடித்துக்கொண்டு முதுகில் ஒரே ஒரு புள்ளி வைத்தேன்.

அதற்குக் கோபம் வந்துவிட்டது. தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டி, அழுகின ஆரஞ்சுப்பழ வாடையை என் மூக்கில் அடித்தது.

"சும்மா இரு. உனக்கு எடுப்பாத்தான் இருக்கு" என்றேன்.

போன வாரம் இந்தத் தொடரில் ஃபெரிப் பயணத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "பழங்கதை போதும், உபயோகமாக ஏதாவது எழுதச் சொல்லுங்கள். வீட்டுக் கறிவேப்பிலையில் புழு விழுகிறது. விஷம் அடிக்காமல் விரட்டுவது எப்படி?" என்று ஆசிரியரிடம் கேட்டாராம். கேட்டீர்கள் அல்லவா, வாங்கிக்கொள்ளுங்கள்.

கண் திறந்ததால் வந்த வினை

என் வீட்டுக்காரர் மணியம் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். கண்ணில் புரை விழுந்து வேலையை விட்டார். கடைசி இரண்டு வருஷம் எதிரில் நிற்பது நானா அலமாரியா என்று அவருக்குச் சந்தேகம். அலமாரி பேசாது என்பதை வைத்துக் கண்டுபிடிப்பார்.

ஆபரேஷனுக்கு முன்னால் அவர் முருகனிடம் வேண்டிக்கொண்டார். பார்வை திரும்பினால் தைப்பூசத்துக்குப் பால்குடம், நாற்பத்தெட்டு நாள் விரதம். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "முருகா, இவருக்குக் கண்ணு நல்லபடியா தெரிஞ்சா, தண்ணீர்ப் பந்தல் மோருக்கு என் கையால வளர்த்த, மருந்தே படாத கறிவேப்பிலையத்தான் போடுவேன்" என்று நானும் ஒன்றைச் சொல்லிவைத்தேன். சாமியிடம் மட்டும் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. கோயில் பெண்கள் அத்தனை பேரிடமும் சொன்னேன்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கட்டவிழ்த்து வீட்டுக்கு வந்த முதல் நாள், வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுவிட்டார்.

"சரசு, இது இவ்வளவு பச்சையா?" என்று கறிவேப்பிலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீயும் நரைச்சிட்டியே" என்றார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அன்றிலிருந்து காலை காப்பி கையில் வந்ததும் மனிதர் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு இலையாகப் பார்ப்பார். விரதம் தொடங்கி மூன்றாவது வாரத்தில், அந்தப் புதுக்கண்ணில் முதல் புழு பட்டது.

புழுக்களும் சட்டங்களும்

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கறுப்பில் வெள்ளைக் கரை போட்ட பெரிய பட்டாம்பூச்சி ஒன்று வந்து கொழுந்தில் வாலை வளைத்து முட்டை வைக்கும். ஒன்று ஒன்றாக, வெளிர்மஞ்சளாக, கடுகைவிடச் சின்னதாக இருக்கும். புழு பிறந்த புதிதில் பறவை எச்சம் மாதிரி இருப்பதால் நாமும் எச்சம் என்று விட்டுவிடுவோம். நன்றாகத் தின்று பெருத்தபிறகு பச்சையாக மாறும். நாம் விழித்துக்கொள்ளும்போது மரத்தில் ஈர்க்குச்சிதான் மிச்சம்.

எனக்குத் தெரிந்த நல்ல வழி, கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுவது. வாளியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"என்னா பண்ணப் போற?" என்றார்.

"குளிப்பாட்டப் போறேன்."

"சரசு, நான் விரதம். இந்த வீட்டுல ஒரு உசிரு சாகக்கூடாது."

"அப்ப நேத்து கொசு அடிச்சீங்களே?"

"அது கைதட்டினேன், நடுவுல அது வந்துச்சி."

சரி, கொல்ல வேண்டாம், விரட்டலாம் என்று பூண்டும் மிளகாயும் அரைத்து வடிகட்டித் தெளித்தேன். அன்றைக்கென்று காற்று வீட்டுப் பக்கம் அடித்தது. மாடியில் மூன்றாவது வீட்டுக் குழந்தைகூடத் தும்மியது. அவர் இரண்டு கையாலும் புதுக்கண்ணைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினார். புழு மட்டும் நிதானமாக அடுத்த இலைக்குப் போனது. பிறகு புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் என் நாத்தனார் புஷ்பா வீட்டு வேப்பிலையைக் கொண்டுவந்து ஊறவைத்து, துளி சோப்புக் கலந்து இலையின் அடியில் அடித்தேன். புதிதாகப் பொரிந்த குஞ்சுகளுக்கு அது கசந்தது. பெரிய தடியன்களுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. புளித்த மோர் தெளித்தேன். வாசல் நாறியது, எறும்பு வந்தது, அவ்வளவுதான்.

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருந்தது. மரத்தின் உச்சிக் கொழுந்து போய்விட்டது.

"கொல்லக்கூடாது, சரி. பிடிச்சிக் கொண்டுபோயி திடல்ல விட்டுடவா?"

"அங்க எதைத் தின்னும்? பட்டினி போட்டுக் கொல்றது மட்டும் கொலை இல்லியா?"

அப்படியென்றால் சாப்பாடு இருக்கிற இடத்தில்தான் விட வேண்டும். இந்தப் புழு வேறு என்ன தின்னும் என்று செடி விற்கும் கடைக்காரரிடம் கேட்டேன். "லீமாவ் மரம் இருந்தா விடாதுக்கா. எலுமிச்சை ஜாதி எல்லாத்தையும் தின்னும்" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரைக்கும் என் மனதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை.

பக்கத்து வீடு

எங்கள் வாசலுக்கும் பக்கத்து வாசலுக்கும் நடுவில் இடுப்பளவு கட்டைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மே ஹுவா. என் வயதுதான். கணவர் போய்ப் பல வருஷம். ஒரே மகன் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் வேலை பார்க்கிறான். எங்களுக்குள் பேச்சு கடைத்தெரு மலாயான பாசார் மலாயில்தான் நடக்கும். அதை அப்படியே எழுதினால் ஆசிரியர் என்னை அடிக்க வருவார். தமிழாக்கித் தருகிறேன். 'லா'வை மட்டும் விட்டுவைக்கிறேன், அது இல்லாமல் மேயைக் காட்ட முடியாது.

மே வாசலில் இரண்டு லீமாவ் தொட்டிகள் இருந்தன. சீனப் பெருநாளான புத்தாண்டுக்கு வாசலின் இரண்டு பக்கமும் நிறுத்த, மஞ்சள் மஞ்சளாகக் காய் தொங்க வேண்டிய மரங்கள். மற்றவர்கள் கடையில் வாங்குவார்கள். மே ஒரு வருஷமாகத் தானே வளர்த்தாள். இந்தப் பெருநாளுக்கு மகன் வருகிறான். இரண்டாம் நாள், அவன் கட்டப்போகும் பெண்ணின் அப்பா அம்மா கோலாலம்பூரிலிருந்து முதல் தடவையாக வீடு பார்க்க வருகிறார்கள். அதை மே என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

இதெல்லாம் தெரிந்துதான் செய்தேன். நாலே நாலு புழு. பால்மாவு டின்னில் போட்டு, மே சாயந்திரம் பாசாருக்குப் போன நேரமாகப் பார்த்து, சுவருக்கு மேலே கையை நீட்டி லீமாவ் இலையில் விட்டேன். நாலு புழு தின்றால் மரம் செத்தா போய்விடும்? இது நான் எனக்குச் சொல்லிக்கொண்டது. மறுநாள் ஆறு. அதற்கு மறுநாள் ஒன்பது. பழக்கம் அப்படித்தான் வளர்கிறது.

விசித்திரம் என்னவென்றால், என் மரத்தில் புழு குறையவில்லை. சாயந்திரம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். காலையில் இவர் முக்காலியில் உட்கார்ந்து, "பதினொண்ணு" என்பார்.

இதற்கிடையில் மேயும் நானும் முன்னைவிட ஒட்டி உறவாடினோம். "மரம் எப்படி இருக்கு?" என்று நான் கேட்பேன். "கொஞ்சம் புழு லா" என்பாள் அவள், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். குற்ற உணர்ச்சியில் நான் வேப்பிலைத் தண்ணீர் கொடுத்தேன். அவள் நிலக்கடலை போட்ட கச்சான் பிஸ்கட் கொடுத்தாள். அவள் எதற்குக் கொடுக்கிறாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

மாக் மண்டின் பாடம்

இங்கே என் தொழிற்சாலை நாட்களைச் சொல்ல வேண்டும். பட்டர்வொர்த்தில், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் சரக்குப் பரிசோதனையில் இருந்தேன். குறையுள்ள சாமானைக் கண்டால் சிவப்பு மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துத் தள்ளிவைப்பேன். புள்ளி வைத்தது மறுபடி லைனில் வந்தால், எவனோ திருட்டுத்தனம் பண்ணுகிறான் என்று அர்த்தம். ஒரு தடவை அப்படி ஒரு சூப்பர்வைசரையே பிடித்துக் கொடுத்தேன். அவர் என்னை அதற்கப்புறம் வணக்கம் சொல்லாமல் தாண்டிப் போனதில்லை.

அந்தப் புத்திதான் நெயில் பாலிஷைத் தேடியது. புள்ளி வைத்தேன், டின்னில் போட்டேன், மே வீட்டு லீமாவில் விட்டேன்.

மறுநாள் காலை இவர் போட்ட சத்தத்தில் காப்பி கொட்டிப்போனது.

"சரசு! ஓடியா! பொட்டு! புழு நெத்தியில பொட்டு!"

"நெத்தியில இல்லிங்க, முதுகுல" என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். நேற்றுச் சுவர் தாண்டிப் போன என் புழு, சிவப்புப் பொட்டோடு, எங்கள் கறிவேப்பிலையில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தது.

இவர் கைகூப்பி நின்றார். விரதமிருக்கும் மனிதர், புதிதாகக் கண் வந்தவர், எதிரில் குங்குமப் பொட்டு வைத்த புழு. வேறு என்ன செய்வார்? நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் புழு எங்கே போய்வந்தது என்றும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டேன். அதற்குள் அவர் போனை எடுத்துத் தங்கச்சிக்கு அடித்துவிட்டார்.

"புஷ்பா, நம்ம வீட்டுக்கு வந்து பாரு. முருகன் பொட்டு வச்சி அனுப்பியிருக்கான்."

புஷ்பா சாமி என்றால் கூட்டம் சேர்ப்பவள். "நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, காலையிலயே காடி எடுத்துட்டு வந்துடறேண்ணே. அது வரைக்கும் அதைச் சாப்பிட வுடுங்க" என்றாள். இவர் மரத்துக்குப் பக்கத்தில் ஊதுபத்தி கொளுத்திவைத்தார். சாயந்திரம் இவர் கோயிலுக்குப் போன நேரத்தில் நான் அந்தப் பொட்டுப் புழுவை எடுத்து மறுபடி மே வீட்டுக்கே அனுப்பினேன். சாமி வந்த வழியே போனது என்று சொல்லிக்கொள்ளலாம்.

சுவரோரம்

ஞாயிறு விடியலில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. புழு தானாக நடந்து வருகிறதா என்று பார்க்கலாம் என்று கதவைச் சத்தமில்லாமல் திறந்தேன்.

சுவரோரம் மே நின்றிருந்தாள். இரவு உடையில், ஒரு கையில் பிஸ்கட் டின், மறு கையில் சாப்ஸ்டிக். அந்த இரண்டு குச்சிக்கும் நடுவில் என் பொட்டுப் புழு, கொம்பை நீட்டிக்கொண்டு.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவள் நிதானமாகக் கையை நீட்டி, புழுவை என் கறிவேப்பிலையில் இறக்கிவைத்துவிட்டு, "காலை வணக்கம் லா" என்றாள்.

"திருடி!" என்றேன் கிசுகிசுப்பாக.

"நானா? முதல் நாளே ஜன்னல்ல பார்த்துட்டேன். உன் புழுவை உனக்கே திருப்பிக் கொடுத்தேன். அது திருட்டா?"

"அது உன் புழு! லீமாவ்லேருந்து வந்ததுதான் எல்லாம்."

"இந்தப் புழு உன்னுது. பொட்டு வைச்சிருக்கு பாரு. எங்க வீட்டுல யாரு பொட்டு வைக்கிறா?"

இரண்டு பேருக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சத்தம் வராமல் சிரித்துச் சிரித்து மே சுவரைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வாரமாக ஒரே புழுக் கூட்டத்தை, நான் சாயந்திரமும் அவள் விடியலிலும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுமந்திருக்கிறோம். அதுகள் எங்கள் இரண்டு வீட்டிலும் மாறி மாறி விருந்து சாப்பிட்டுப் பெருத்திருக்கின்றன.

"ஏன் நீ கொல்லலை?" என்று கேட்டேன்.

"பெருநாள் வருது. கொன்னா வருஷம் முழுக்க நல்லா இருக்காது. நீ?"

"வீட்டுக்காரர் விரதம்."

மே பிஸ்கட் டின்னைச் சுவர்மேல் வைத்தாள். "ஒரு மரத்தைப் புழுவுக்கு விட்டுடலாம். எல்லாத்தையும் அதுல போடலாம். ஒண்ணு மொட்டையாகும், மத்தது தப்பிக்கும்."

"நல்ல யோசனை" என்றேன். "எந்த மரம்?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம். நான் அவள் லீமாவைக் காட்டினேன். அவள் என் கறிவேப்பிலையைக் காட்டினாள்.

சிரிப்பு அங்கேயே நின்றுபோனது. "என் சாமி காரியம், மே. நான் வாய்விட்டுச் சொல்லிட்டேன்" என்றேன். "என் பையன் கல்யாணம், சரஸ். முதல் தடவையா வராங்க" என்றாள். குரல் ஏறியது. அவள் ஒன்று சொல்ல நான் ஒன்பது சொன்னேன். எனக்குக் கோபம் வந்தால் முன்னபின்ன பார்க்க மாட்டேன் என்று இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்துப் புஷ்பாவின் கார் வந்து நின்றது. புஷ்பா இறங்கினாள். பின்னால் இன்னும் மூன்று பெண்கள், தட்டு, பூ, சூடம். இவரும் வேட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

புஷ்பா புழுவைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் விட்டாள். சூடம் ஏற்றிக் காட்டினாள். புகை பட்டதும் புழு தலையைத் தூக்கி இரண்டு கொம்பையும் நீட்டி, வாடையை அடித்தது. "ஆசீர்வாதம் பண்ணுதுண்ணே!" என்று புஷ்பா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கூட வந்தவர்களும் போட்டுக்கொண்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மேயும் பவ்யமாகக் கைகூப்பி நின்றாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புஷ்பா, நீ இந்தப் பத்திரிகை வாங்குகிறவள். கோவிச்சுக்காதே. சூடம் வீண்போகவில்லை என்று மட்டும் நினைத்துக்கொள்.

மொட்டை மரம்

அதற்கப்புறம் இரண்டு நாள் மேயும் நானும் பேசவில்லை. அவரவர் புழு அவரவர் மரத்தில். என் மரத்தில் பாதி இலை போய்விட்டது. தைப்பூசத்துக்கு இன்னும் நாலே நாள். மிச்சத்தைக் காப்பாற்றினால் மோருக்குப் போதும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் சாயந்திரம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சரஸ்" என்று சத்தம். குரலே சரியில்லை. போய்ப் பார்த்தேன். மே லீமாவ் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"உன் டின்னைக் கொண்டா. எல்லாத்தையும் என் மரத்துல விட்டுடு."

"ஏன்?"

"பையன் போன் பண்ணினான். பெருநாளுக்கு அவனும் பொண்ணும் நேரா கோலாலம்பூருக்கே போயிடறாங்களாம். பொண்ணு வீட்டுல அங்கேயே பார்த்துக்கலாம்னு." தொட்டி மண்ணைக் கிளறினாள். "நம்ம ஃப்ளாட் சின்னது லா, அம்மா, அப்படின்னான். அவங்க வசதியா இருந்து பழகினவங்களாம். யாரும் வரல. மரம் எப்படி இருந்தா என்னா?"

எனக்கு நெஞ்சு எரிந்தது. அந்தப் பையன் சின்ன வயதில் பள்ளிவிட்டு வந்தால் நேரே என் வீட்டில் நுழைந்து இடியாப்பம் தின்று வளர்ந்தவன். இந்தச் சின்ன ஃப்ளாட்டில்தான் அவன் அம்மா கடையில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து அவனைப் படிக்கவைத்தாள். அவன் எதிரில் இருந்திருந்தால் அந்த டின்னாலேயே ஒன்று வைத்திருப்பேன்.

"அவன் கிடக்கான். உன் மரத்துல ஒரு இலைகூடப் போகாது" என்றேன். "எந்திரி."

அவள் எழுந்திருக்கவில்லை. நானே அவளுடைய சாப்ஸ்டிக்கைப் பிடுங்கிக்கொண்டேன். எனக்கு அதைப் பிடிக்கத் தெரியாது. அதனால் விரலாலேயே அவள் இரண்டு மரத்திலும் இருந்த புழுக்களை எடுத்தேன். இலையின் அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எச்சம் மாதிரி இருந்த குஞ்சுகளையும் இலையோடு கிள்ளினேன். எல்லாவற்றையும் என் கறிவேப்பிலையில் கொட்டினேன். மகள் கல்யாணத்தில் மிஞ்சிய மெல்லிய வலைத்துணி வீட்டில் இருந்தது. அதைக் கொண்டுவந்து லீமாவ் மரங்கள் இரண்டையும் அடியோடு மூடிக் கட்டினேன். பட்டாம்பூச்சி மறுபடி முட்டை வைக்காமல் இருக்க அதைவிட நல்ல மருந்து கிடையாது. கடிதம் போட்ட வாசகி இதைக் குறித்துக்கொள்ளலாம்.

"உன் சாமி?" என்றாள் மே கடைசியில்.

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

வீராப்பாகச் சொல்லிவிட்டேன். உள்ளே வந்தேன். இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பொட்டு விஷயத்தைத் தவிர. அவர் எழுந்து வாசலுக்குப் போனார். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

இரண்டே நாளில் மரம் மொட்டை. தைப்பூசத்தன்று பாசாரில் வாங்கிய கறிவேப்பிலைக் கட்டோடு தண்ணீர்ப் பந்தலுக்குப் போனேன். கோயில் பெண்கள் கட்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி, "வீட்டு இலைன்னு சொன்னீங்களேக்கா?" என்று கேட்டேவிட்டாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

பால்குடம் செலுத்திவிட்டு இவர் பந்தலுக்கு வந்தார். இடுப்பில் சொருகியிருந்த மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரே ஒரு கொத்துக் கறிவேப்பிலை. ஒரு இலையில்கூட ஓட்டை இல்லை.

"நீ சொன்ன அன்னைக்கே பறிச்சி ஈரத்துணியில சுத்தி வச்சிட்டேன்" என்றார். "மரம் முழுக்கத் தேடினேன். புழு வாய் வைக்காதது இது ஒண்ணுதான் இருந்துச்சி."

அத்தனை பெரிய மோர் அண்டாவில் அந்த ஒரு கொத்தைக் கிள்ளிப் போட்டேன். யாருக்கு அந்த இலை போய்ச் சேர்ந்ததோ தெரியாது. முருகனுக்குத் தெரியும். அந்தக் கண்ணைத் திருப்பிக் கொடுத்ததற்கு இதுவாவது என்னால் முடிந்ததே என்று எனக்கு மனம் ஆறியது.

இரண்டாம் நாள்

சீனப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை. மே வாசலில் இரண்டு லீமாவும் வலை நீங்கி, மஞ்சள் காய் தொங்க நின்றன. கதவு மட்டும் ஒருக்களித்திருந்தது. உள்ளே தொலைக்காட்சிச் சத்தம்.

நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். இவரைப் பூப்போட்ட பாத்தேக் சட்டை போடச் சொன்னேன். சீன முறைப்படி இரண்டு ஆரஞ்சுப்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரைத் தாண்டாமல், சுற்றிக்கொண்டு போய் வாசல் வழியாகவே கதவைத் தட்டினேன்.

மே திறந்தாள். பழைய டீ சட்டையில் இருந்தாள். "என்னா இது? எங்க போறீங்க?"

"இங்கதான். ரெண்டாம் நாள் விருந்தாளி வரணும்ல? வந்திருக்கோம். வீடு பார்க்கணும், காட்டு."

அவள் என்னைப் பார்த்தாள், புடவையைப் பார்த்தாள், ஆரஞ்சைப் பார்த்தாள். அழுதுவிட்டாள். அழுதுகொண்டே, "வீடு சின்னது லா" என்றாள்.

"பரவால்ல. எங்க பொண்ணுக்கு வரப்போற மாமியாருக்கு வாய்தான் கொஞ்சம் பெருசுன்னு கேள்விப்பட்டோம்" என்றேன்.

இவர் நடுவில் புகுந்து லீமாவ் மரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, "எவ்வளவு மஞ்சள் பாரு, சரசு" என்று ஆரம்பித்துவிட்டார். மே கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் நல்ல சட்டை மாற்றிக்கொண்டு வந்தாள்.

சாப்பிட்டு முடித்து வெளியே வந்தபோது மே கையில் ஒரு கட்டு, பெருநாள் காசு போட்டுக் கொடுக்கும் சிவப்பு அங்பாவ் உறைகள். விருந்தாளிகளுக்கென்று வாங்கிவைத்தது. சுவருக்கு இந்தப் பக்கம் வந்து, இலை ஒன்றும் இல்லாமல் குச்சியாக நின்ற என் கறிவேப்பிலையில் ஒவ்வொன்றாகக் கட்டித் தொங்கவிட்டாள். உறைகளுக்கு நடுவே கூட்டுப்புழுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. இவர் குனிந்து பார்த்து, "ஒண்ணு காலியா இருக்கு" என்றார்.

அதிலிருந்து வந்த பட்டாம்பூச்சி பக்கத்திலேயே இருந்தது. கறுப்பு இறக்கையில் வெள்ளைக் கரை, இன்னும் ஈரம் காயவில்லை. பொட்டு பழைய தோலோடு கழன்றுபோயிருக்க வேண்டும். எந்தப் புழு எதுவாக ஆனது என்று சொல்ல வழியில்லை. மூன்று பேரும் மூச்சுவிடாமல் நின்றோம். அது இறக்கையை இரண்டு தடவை விரித்து மூடிவிட்டுக் கிளம்பி, சுவரைத் தாண்டி, நேரே லீமாவ் கொழுந்தில் போய் உட்கார்ந்தது.

மேயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"சரஸ்" என்றாள் மே, மெதுவாக. "அது உன்னுது."

"உன் மரத்துலதானே உட்கார்ந்திருக்கு" என்றேன். "உன்னுது."